கொட்டாஞ்சேனையில் வாங்கிய பாவித்த பவர் கண்டிஷனர்: நான்கு மாதம் ஓடிய பிறகு

பவர் கண்டிஷனர் என்பது சுவர்ச் சொக்கெட்டுக்கும் பாட்டுக் கேட்கிற சாமான்களுக்கும் நடுவில் வைத்து, வருகிற கரண்டைச் சுத்தப்படுத்துகிற பெட்டி. முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், கேட்கிற எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். 45,000 ரூபாய் சொன்னார்கள், 36,000க்குத் தந்தார்கள். உள்ளே மாற்றிய சாமான்களுக்கு 1,500 ரூபாய்க்குள் முடிந்தது. அதற்குப் பிறகு வீட்டுச் சுவரைச் சரிசெய்ய வயரிங் பாஸுக்கு, அதாவது வீட்டு மின்வேலை செய்கிறவருக்கு, கொடுத்தது தனிக் கணக்கு. அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன், இவ்வளவு செலவிலும் அதிக பலன் தந்த காசு அதுதான்.

பிராண்ட் பெயரை எழுதவில்லை. பன்னிரண்டு வருஷம் வேறொருவர் வீட்டில் ஓடிய ஒரு பெட்டியின் நிலையை வைத்து அந்தக் கம்பெனியை நல்லது கெட்டது என்று சொல்வது நியாயமில்லை. இங்கிலாந்தில் வாங்கியது, 230 வோல்ட், ஆறு 13 அம்பியர் சதுர முள் சொக்கெட், உள்ளே மின்னல் பாதுகாப்பும் ஒரு ஃபில்டரும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

வீடு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில், மூன்றாம் மாடி. பழைய 60 வாட் அம்ப் (அம்ப்ளிஃபையர்) ஒன்று, இசைத்தட்டுப் போடுகிற டர்ன்டேபிள் ஒன்று, டிஜிட்டல் பாட்டை அம்ப்புக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தருகிற டிஏசி ஒன்று, புத்தகத் தட்டில் வைக்கிற அளவு ஸ்பீக்கர் ஒரு சோடி. இரவு பத்தரைக்குப் பிறகுதான் எனக்கு ஆறுதலாக இருந்து கேட்கக் கிடைக்கும். அந்த நேரத்தில் யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் தவில் பதிவைப் போட்டால், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் இருக்கிற மௌனம்தான் எனக்கு உயிர். அந்த மௌனத்துக்குள் கட்டடத்தின் தண்ணீர் மோட்டர் ஓடத் தொடங்கும், ஸ்பீக்கரில் ‘டப்’ என்று ஒரு அடி விழும். ஃப்ரிட்ஜ் நிற்கும்போது சின்னதாக ஒரு ‘டிக்’. பக்கத்து அறையில் யாராவது ஃபேன் ரெகுலேட்டரைக் குறைத்தால் மெல்லிய கரகரப்பு. இவை மூன்றையும் நிறுத்தத்தான் கண்டிஷனர் தேடத் தொடங்கினேன்.

இவற்றோடு சேர்த்து எந்நேரமும் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சலும் இருந்தது. பலர் இந்த ஒன்றுக்காகவே கண்டிஷனர் தேடுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒருநாள் அம்ப்பின் பின்பக்கத்து வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வந்தேன், டிவியிலிருந்து வருகிற வயரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றுவிட்டது. திரும்பப் பொருத்திவிட்டு, டிவியின் பக்கம் போய் டிஷ் வயரை மட்டும் கழற்றினேன், அப்போதும் நின்றது. அதாவது என் சாமான்களிலிருந்து கசிகிற கரண்ட், டிவி வயர் வழியாக மாடியில் இருக்கிற டிஷ்ஷின் எர்த்துக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் கசிவில் இருக்கிற 50 ஹேர்ட்ஸ்தான் ‘ம்ம்ம்’. கரண்ட் வருகிற பக்கத்தில் எவ்வளவு காசைக் கொட்டினாலும் இது போகாது. டிவிக்கும் டிஏசிக்கும் இடையில் ஒப்டிக்கல் வயர் போட்டேன், அதில் வெளிச்சம் மட்டும்தான் போகும், கரண்ட் போகாது, பிரச்சினை அத்தோடு முடிந்தது. பாவித்த கண்டிஷனருக்குக் காசு எண்ணுவதற்கு முன்னால் தயவுசெய்து எல்லோரும் இதைச் செய்து பாருங்கள்.

சரி, கண்டிஷனர். இந்த ஒரே பெயரில் மூன்று வேறு சாமான்கள் விற்கப்படுகின்றன என்பது தேடத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. ஃபர்மன், ஐசோடெக் மாதிரியானவை பெரும்பாலும் ஃபில்டரும் மின்னல் பாதுகாப்பும். வருகிற கரண்டில் இருக்கிற அழுக்கைக் குறைக்கும், வோல்ட்டேஜைக் கூட்டாது குறைக்காது. பிஎஸ் ஆடியோவின் பவர் பிளான்ட் வேறு சாதி. வருகிற ஏசியை டிசியாக்கி, அதிலிருந்து புதிதாக ஒரு ஏசி அலையை உண்டாக்கித் தருவது, பாரமும் விலையும் சூடும் அதிகம். மூன்றாவது ஸ்டெபிலைசர், ஃப்ரிட்ஜுக்கு வைக்கிறோமே அதேதான், வோல்ட்டேஜ் இறங்கினால் உள்ளே ரிலே ‘டக்’ என்று மாறும். விளம்பரத்தில் மூன்றுக்கும் ‘பவர் கண்டிஷனர்’ என்றே போடுகிறார்கள். இசை கேட்கிற அறையில் ரிலே ஸ்டெபிலைசரை நான் வைக்கமாட்டேன், அந்த ரிலே மாறுகிற ஒவ்வொரு தடவையும் அதுவே ஒரு ‘டிக்’.

என் வீட்டு வோல்ட்டேஜை ஒரு வாரம் மல்டிமீட்டரில் பார்த்து எழுதி வைத்தேன். இலங்கையில் 230, அதிலிருந்து 6 வீதம் கூடக் குறைய இருக்கலாம், அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. இரவு எட்டு மணிக்கு 223, விடியற்காலை இரண்டு மணிக்கு 238, ஞாயிறு நண்பகலில் 241. கூரையில் சோலார் பூட்டிய வீடுகள் அக்கம்பக்கத்தில் கூடிவிட்டன, நல்ல வெயிலில் ஆள் பாவனை குறைந்த நேரத்தில் லைனில் வோல்ட்டேஜ் ஏறுவது அதனால் என்று நினைக்கிறேன். எப்படியும் எல்லைக்குள்தான் இருக்கிறது. எனக்கு ஸ்டெபிலைசர் தேவையில்லை, ஃபில்டர் போதும் என்று அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன்.

முதலில் போனது புறக்கோட்டை, முதலாம் குறுக்குத் தெரு. ஒரு கடையில் வடிவான கறுப்புப் பெட்டி ஒன்று இருந்தது, முன்பக்கத்தில் வோல்ட் காட்டும் சிவப்பு எழுத்துகூட இருந்தது, விலையும் குறைவு. பின்னால் திருப்பிப் பார்த்தால் 120 வோல்ட்.

“நானா, இது நூற்றி இருபது வோல்ட் அல்லவா?”

“ஓம் தம்பி, ட்ரான்ஸ்போமர் ஒன்று போட்டால் வேலை செய்யும். அதுவும் நம்மகிட்ட இருக்கு.”

அவர் பொய் சொல்லவில்லை, ட்ரான்ஸ்போமர் போட்டால் பெட்டி வேலை செய்யும். ஆனால் பெட்டியிலிருந்து வெளியே வருவதும் அதே 120தான், 230 வோல்ட் அம்ப்பை அதில் போட்டு என்ன செய்வது? ஜப்பானிலிருந்து கொள்கலனில் வருகிற 100 வோல்ட் சாமான்களுக்கும் இதே கதைதான். உங்கள் அம்ப்பும் ஜப்பானிய 100 வோல்ட் அம்ப் என்றால் விஷயம் வேறு, அப்போது ட்ரான்ஸ்போமருக்குப் பின்னால் அதே வோல்ட் கண்டிஷனரை வைக்கலாம். தெரியாமல் நேராக நம் சுவரில் குத்தினால் உள்ளே மின்னல் பாதுகாப்புக்கு வைத்திருக்கிற வேரிஸ்டர் என்ற சாமான் வெடிக்கும். 120 வோல்ட் பெட்டிகளில் வழக்கமாகப் போடுவது 130, 150 வோல்ட் வரை தாங்குகிற வேரிஸ்டர், 230ஐக் கண்டதும் அது முழுக் கரண்டையும் தன் வழியாக ஓடவிட்டு எரியும். பின்பக்கத்து எழுத்தைப் படிக்காமல் எதையும் வாங்காதீர்கள், படத்தில் பின்பக்கம் இல்லையென்றால் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

கொட்டாஞ்சேனைப் பெட்டியைப் பற்றி ஒரு நண்பர்தான் சொன்னார். விற்றவர் வயதானவர், லண்டனில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர், இப்போது மகளோடு இருக்கிறார், பெரிய ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஏற்கனவே கொடுத்துவிட்டார். முன்னறையில் ஒரு கதிரையில் துவாய் விரித்து அதன்மேல் பெட்டியை வைத்திருந்தார். நான் ஸ்குரூ டிரைவரோடு போயிருந்தேன்.

“அங்கிள், திறந்து பார்க்கலாமோ?”

“தாராளமாப் பாருங்கோ தம்பி. நான் ஒருநாளும் திறக்கேல்ல, திறக்கவும் தேவை வரேல்ல.”

அந்த ‘தேவை வரேல்ல’ எனக்குப் பிடித்தது. பாவித்த சாமானில் யாரோ கைவைத்த அடையாளத்தைத்தான் நான் முதலில் தேடுவேன். திருகுத் தலைகள் ஒன்றும் தேயவில்லை. மூடியைத் தூக்கியதும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் வாசம். பச்சை போர்ட், தடித்த செம்புச் சுருள் இரண்டு, சதுரமான மஞ்சள் கப்பாசிட்டர்கள், மூலையில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் மூன்று நீல வேரிஸ்டர். இரண்டு பளபளவென்று இருந்தன. மூன்றாவதின் ஓரத்தில் பூச்சு மங்கி, கால் இறங்குகிற இடத்தில் போர்ட் இலேசாகப் பழுப்பேறியிருந்தது, தோசைக்கல்லில் ஒரு பக்கம் மட்டும் சிவந்த மாதிரி. விரல் நுனியால் தொட்டால் அந்த இடம் மட்டும் சொரசொரப்பு.

இங்கேதான் பாவித்த கண்டிஷனர் வாங்குவதற்கும் பாவித்த அம்ப் வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம். வேரிஸ்டர் என்பது அடிவாங்கவே வைத்திருக்கிற சாமான். சாதாரண நேரத்தில் கரண்டைத் தடுத்துக்கொண்டு சும்மா இருக்கும், லைனில் திடீரென்று ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறினால் கண்ணிமைக்கிற நேரத்துக்குள் வழிவிட்டு அதைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். அப்படி வாங்குகிற ஒவ்வொரு பெரிய அடியிலும் அதன் உயிர் கொஞ்சம் குறையும். முன்பக்கத்து பச்சை லைட் எரிகிறது என்பதற்காக அது நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, பல பெட்டிகளில் அந்த லைட் கரண்ட் வருகிறதா என்பதை மட்டும்தான் காட்டும். பன்னிரண்டு வருஷம் ஓடிய பெட்டி என்றால், பழுப்பு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் மூன்றையும் மாற்ற வேண்டும் என்ற கணக்கோடுதான் நான் விலை பேசினேன். அங்கிளிடம் அந்தப் பழுப்பைக் காட்டினேன், கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து குனிந்து வடிவாகப் பார்த்தார், பிறகு அவராகவே விலையைக் குறைத்தார். நல்ல மனிதர், பிளேன்டீயும் கிடைத்தது.

வாங்குவதற்கு முன்னால் அங்கேயே இன்னும் இரண்டு காரியம் செய்தேன். மல்டிமீட்டரை ஓமில் வைத்து, பிளக்கின் எர்த் முள்ளிலிருந்து ஆறு சொக்கெட்டின் எர்த் ஓட்டைக்கும் பார்த்தேன், எல்லாம் அரை ஓமுக்குக் கீழே. அப்புறம் ரேடியோ திருத்துகிறவர்கள் வைத்திருக்கிற சீரிஸ் பல்ப், 100 வாட் குண்டு பல்ப் ஒன்றைத் தொடரில் பூட்டிய வயர், அதன் வழியாக முதல் தடவை கரண்ட் கொடுத்தேன். உள்ளே ஷோர்ட் இருந்தால் பல்ப் முழுதாக எரியும், இல்லாவிட்டால் எரியாது, மிஞ்சினால் மங்கலாகத் தெரியும். எரியவில்லை. ஒரு சொக்கெட்டின் பிடி மட்டும் தளர்ந்திருந்தது, பிளக்கைப் போட்டால் ஆடியது, அதை நான் பாவிப்பதே இல்லை. தளர்ந்த சொக்கெட்டில் அம்ப்பைப் போட்டால் அங்கேயே சூடேறும், அதுவும் எங்கள் கடல்காற்றில் செம்பு ஒரு வருஷத்தில் பச்சை பிடிக்கும்.

அடுத்த சனிக்கிழமை வேரிஸ்டர் வாங்கத் திரும்ப அதே முதலாம் குறுக்குத் தெரு, அதே நானாவின் கடைக்குப் பக்கத்துக் கடை. 20டி431கே என்று அச்சிட்டது 275 வோல்ட் ஏசிக்கு, 20டி471கே என்றால் 300 வோல்ட்டுக்கு. முன்னால் எழுதிய அந்த 241ஐ நினைத்து 471 வாங்கினேன், கொஞ்சம் இடைவெளி இருக்கட்டும் என்று. பழைய வேரிஸ்டரோடு ஒட்டியிருந்த தேர்மல் ஃபியூஸையும் புதிதாகப் போட்டேன். அதை விட்டுவிடாதீர்கள், வேரிஸ்டர் சாகும்போது தீப்பிடிக்காமல் வெட்டிவிடுவது அந்தச் சின்ன ஃபியூஸ்தான். சோல்டர் வேலை பழக்கமில்லாதவர்கள் இதைத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் செய்யுங்கள், இது 230 வோல்ட் நேராக வருகிற இடம்.

இனி வீட்டில் நடந்தது. எல்லாம் பூட்டி, கண்டிஷனரில் அம்ப்பைப் போட்டு, வொல்யூமைத் திருப்பக் கைவைத்தேன், விரல் நுனியில் விறுவிறு என்று ஓடியது. பெட்டியின் உலோகத்தைப் புறங்கையால் தடவினால் மணல்தாளைத் தடவுவது போல ஒரு அதிர்வு. அதுவரைக்கும் என் அம்ப்பில் அப்படி இருந்ததில்லை. மீட்டரின் ஒரு முனையை அம்ப்பிலும் மறுமுனையை சமையலறை சொக்கெட்டின் எர்த்திலும் வைத்தால் 108 வோல்ட்.

பெட்டியில் ஒரு பிழையும் இல்லை. ஃபில்டருக்குள் லைவிலிருந்து எர்த்துக்கு ஒரு சின்னக் கப்பாசிட்டர், நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு இன்னொன்று இருக்கும். அழுக்கை எர்த்துக்கு அனுப்புவது அவற்றின் வேலை. எர்த் என்று ஒன்று இல்லாவிட்டால், அந்த இரண்டுக்கும் நடுவில் 230இல் பாதி வந்து பெட்டியின் உலோகத்தில் ஏறி நிற்கும். அதாவது என் முன்னறைச் சுவரில் மூன்று ஓட்டை இருந்தும் எர்த் இல்லை! சொக்கெட்டைக் கழற்றினோம், எர்த் வயர் உள்ளே ஒரு அங்குல நீளத்தில் வெட்டி மடித்து விடப்பட்டிருந்தது. வீட்டுக்கு முன்பு வயரிங் செய்தவர் யாரோ அப்படி விட்டுவிட்டுப் போயிருக்கிறார், ஏழு வருஷமாக அதன்மேல்தான் டிவியும் அம்ப்பும் ஓடியிருக்கின்றன, பிள்ளைகள் விளையாடியிருக்கிறார்கள். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. நம் நாட்டில் மின்சார லைனோடு வீட்டுக்கு எர்த் வருவதில்லை, நிலத்தில் அடிக்கிற நம்முடைய எர்த் கம்பிதான் நமக்கு எர்த், அதனால்தான் எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் தானாக வெட்டுகிற ட்ரிப் ஸ்விட்சும் வேண்டும். வயரிங் பாஸ் வந்து எர்த்தை இழுத்துப் பூட்டி, அளந்து காட்டினார். விறுவிறு உடனே போய்விட்டது.

அதற்குப் பிறகு முதல் வாரத்தில் ட்ரிப் ஸ்விட்ச் இரண்டு தடவை விழுந்தது, வோஷிங் மெஷின் ஓடும்போது. ஃபில்டரின் கப்பாசிட்டர் வழியாக எர்த்துக்குக் கொஞ்சம் கரண்ட் எப்போதும் கசியும், மெஷினும் கொஞ்சம் கசிய விடும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் ஸ்விட்ச் சரியாக 30இல்தான் விழும் என்றில்லை, 15ஐத் தாண்டினாலே விழலாம். முன்னறையைத் தனி ட்ரிப்பில் பிரித்த பிறகு ஒரு தடவைகூட விழவில்லை. மூன்று முள் சொக்கெட்டில் எர்த் ஓட்டைக்குள் பேனாவைக் குத்தி இரண்டு முள் பிளக்கை இறக்குகிற பழக்கமும், எர்த் இல்லாத மல்டி பிளக்கும் இந்தப் பெட்டிக்குச் சரிவராது என்பதை இனி நான் சொல்லத் தேவையில்லை.

சத்தம் எப்படி? மோட்டரின் ‘டப்’ போய்விட்டது. ஃப்ரிட்ஜின் ‘டிக்’ பத்துத் தடவையில் ஒரு தடவை, அதுவும் காதை ஸ்பீக்கரில் வைத்தால் கேட்கும். ஃபேன் ரெகுலேட்டரின் கரகரப்பு நன்றாகக் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. பேஸ் இறுகியது, மேடை விரிந்தது, திரை விலகியது என்று பலர் சொல்கிறார்கள். மனைவியிடம் சொல்லி, நான் பார்க்காமல் அம்ப்பை ஒருமுறை சுவரிலும் ஒருமுறை கண்டிஷனரிலும் மாற்றி மாற்றிப் போடவைத்து, மோட்டர் ஓடாத நேரத்தில் பன்னிரண்டு தடவை கேட்டேன். ஏழு சரி, ஐந்து பிழை. காசைச் சுண்டிப் பார்த்தாலும் அவ்வளவு வரும். ஆகவே இசையின் நிறம் மாறும் என்று நம்பி யாரும் இதை வாங்க வேண்டாம். எனக்கு அந்த ‘டப்’ போனதே 36,000 பெறும். இரவு பன்னிரண்டு மணிக்குத் தவில் நின்று, அடுத்த அடி விழுமுன் அறை முழுக்க ஒன்றுமில்லாமல் இருக்கிறதே, அந்த ஒன்றுமில்லாமை இப்போது உடைவதில்லை.

செய்யாதவையும் இருக்கின்றன. 2022இல் நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் பலர் இன்வெர்ட்டர் வாங்கினார்கள், அவற்றில் மலிவானவை தருவது சதுர அலை. அதன் பின்னால் இந்த மாதிரி ஃபில்டர் பெட்டியைப் போடாதீர்கள், கப்பாசிட்டர்கள் சூடேறும். மரக்கொப்பு விழுந்து லைனின் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட் வரை ஏறக்கூடும், அதற்கு வேரிஸ்டர் நின்றுபிடிக்காது, எரிந்து ஃபியூஸை வெட்டும், அவ்வளவுதான். வோல்ட் கூடினால் தானாக வெட்டுகிற வசதி உள்ள பெட்டி கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தும் வாங்கலாம், என்னுடையதில் அது இல்லை. பாணந்துறை உபநிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்ட 2025 பெப்ரவரி 9 மாதிரி நாளில் நான் பிளக்கைக் கழற்றிவிட்டு, கரண்ட் வந்து அரை மணித்தியாலம் போனபின் போடுவேன். ஒக்டோபர், நவம்பர் பின்னேர இடிமுழக்கத்துக்கும் அதேதான். கண்டிஷனர் வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

இன்னும் ஒன்று மிச்சம். சில நேரம், அதிகமாக ஞாயிறு நண்பகலில், அம்ப்பின் உள்ளே இருக்கிற வட்ட ட்ரான்ஸ்போமர் தானாகவே உறுமுகிறது, ஸ்பீக்கரில் வராது, பெட்டியிலிருந்துதான் வரும். லைனில் கொஞ்சம் டிசி கலந்து வந்தால் வட்ட ட்ரான்ஸ்போமர் அப்படி உறுமும், என் கண்டிஷனரில் அதைத் தடுக்க ஒன்றும் இல்லை. அதற்கு டிசி பிளாக்கர் என்று தனியாக ஒன்று வேண்டும். சாமான்கள் வாங்கி வைத்திருக்கிறேன், வயரிங் பாஸ் ஒருமுறை பார்த்துச் சரியென்று சொன்ன பிறகு பூட்டுவேன்.